1964 மஸ்டாங் என்று ஒன்று உண்டா? நடைபாதையில் நின்றே பழைய வண்டியின் வயதைப் படிப்பது

பிப்ரவரி 8 – கேள்வி

கலிஃபோர்னியா ஓக்லாந்தில் எங்கள் தெருவில் ஒரு வெள்ளை ஃபோர்டு மஸ்டாங் வருஷக்கணக்காக நிற்கிறது. இரண்டு கதவு, ஹார்ட்டாப் (மடக்க முடியாத கூரை). முன் மட்கார்டில் 289 பேட்ஜ், அதாவது 289 கன அங்குல வி-8 இன்ஜின். கருப்பு நம்பர் பிளேட், மஞ்சள் எழுத்து. சொந்தக்காரர் 1964 என்கிறார். கூட வேலை செய்யும் ஒருவர் பார்த்துவிட்டு 66 என்று அடித்துச் சொல்கிறார். பானெட்டைத் திறந்து காட்டுங்கள் என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. வெளியிலிருந்தே சொல்ல வழி உண்டா?

பிப்ரவரி 8, இரவு

முக்கால்வாசி சொல்லிவிடலாம்.

முதலில் ஒன்று. காகிதத்தில் 1964 மஸ்டாங் கிடையாது. 1964 ஏப்ரல் 17 அன்று விற்பனைக்கு வந்தது சரி. ஆனால் முதல் வண்டியிலிருந்தே ஃபோர்டு அதை 1965 மாடலாகத்தான் பதிந்தது. வின் நம்பர் (வண்டியின் அடையாள எண்) 5-இல் தொடங்கும். ஆகஸ்ட் நடுவரை கட்டியவற்றுக்கு ரசிகர்கள் வைத்த செல்லப்பெயர்தான் 64½. ஆகவே சொந்தக்காரர் பொய் சொல்கிறார் என்று முடிவுகட்ட வேண்டாம்.

பார்க்க வேண்டியவை:

கிரில். 65 என்றால் தேன்கூடு போன்ற வலை, நடுவில் குதிரைச் சட்டம், அதிலிருந்து இரண்டு பக்கமும் ஓடும் குரோம் பட்டை. 66 என்றால் பட்டை இல்லை, குதிரை தனியாக மிதக்கும், பின்னணியில் மெல்லிய படுக்கைக் கோடுகள்.

கதவுக்குப் பின்னால் உள்ள பள்ளம். 66-இல் அங்கே மூன்று விரல் போன்ற குரோம் நகை இருக்கும்.

டேஷ்போர்டு. 65-இல் ஃபோர்டின் சின்ன வண்டியான ஃபால்கனிலிருந்து எடுத்த நீளமான ஸ்பீடோமீட்டர். 66-இல் வட்ட மீட்டர்கள் ஐந்து.

பானெட்டின் முன் விளிம்பு. 64½ என்றால் ஹெட்லைட்டைத் தொடும் இரண்டு மூலைகளும் சாய்வாகச் சீவியதுபோல் இருக்கும்.

பயணி இருக்கை. 64½ ஹார்ட்டாப்பில் அது முன்னும் பின்னும் நகராது, அடியில் நெம்புகோலும் இருக்காது.

சார்ஜ் விளக்கு. 64½-இல் ஜெனரேட்டர், அதனால் விளக்கில் 'ஜென்' என்று இருக்கும். அதற்குப் பின் ஆல்டர்னேட்டர் வந்துவிட்டது, எழுத்து 'ஆல்ட்'. சாவி திருப்பினால்தான் ஒளிரும், ஆக இதற்கு சொந்தக்காரர் வேண்டும்.

ஃபாஸ்ட்பேக்காக (கூரை பின்னால் சாய்ந்து இறங்கும் வடிவம்) இருந்திருந்தால் பேச்சே இல்லை. அது 1964 இலையுதிர் காலத்தில்தான் வந்தது. 64½ ஃபாஸ்ட்பேக் என்று யாராவது விற்க வந்தால் சிரித்துவிட்டு நகரலாம்.

பிப்ரவரி 9

நேற்று எழுதியதில் ஒரு ஓட்டை. 66-இல் ஜிடி என்ற கூடுதல் வசதித் தொகுப்போடு வாங்கியவற்றுக்கு கிரிலில் பட்டையும் உண்டு, அதன் நுனிகளில் பனி விளக்கும் உண்டு. 65-இலும் கடைசி மாதங்களில் ஜிடிக்கும் உயர்ரக உள்வேலைக்கும் ஐந்து வட்ட மீட்டர் கொடுத்தார்கள். அதைவிடப் பெரிய ஓட்டை: இதெல்லாம் போல்ட்டில் நிற்கும் சாமான். இன்றைக்கும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். ஒரு சனிக்கிழமை போதும், 65-ஐ 66 முகமாக்கிவிடலாம்.

அதனால் தெருவில் வண்டி பார்ப்பவர்கள் குரோமிலிருந்து தொடங்கக் கூடாது. சட்டம் எதைக் கட்டாயமாக்கியது, எந்த ஆண்டில், அதை மாற்ற தகரத்தை வெட்ட வேண்டுமா என்று பார்க்க வேண்டும். சோம்பேறி ஏமாற்றுக்காரன் ஸ்குருட்ரைவர் எடுப்பான், வெல்டிங் செட்டை எடுக்க மாட்டான்.

இந்த மஸ்டாங்குக்கு அது பெரிதாக உதவாது, ஆனால் தெருவில் நிற்கும் மற்ற எல்லாவற்றுக்கும் உதவும்:

நான்கு ஹெட்லைட் என்றால் 1957 அல்லது அதற்குப் பிறகு. 58-இல் கிட்டத்தட்ட எல்லாருமே மாறிவிட்டார்கள். சதுர ஹெட்லைட் 1975 மாடலுக்கு முன்பு கிடையாது.

முன் இண்டிகேட்டர் ஆரஞ்சு நிறமானது 1963 மாடலிலிருந்து. இதை நம்பாதீர்கள், சிலதில் வெள்ளைக் கண்ணாடிக்குள் ஆரஞ்சு பல்ப். பல்ப் மாற்ற இரண்டு நிமிஷம்.

மட்கார்டின் பக்கவாட்டில் சிறு விளக்கோ ரிஃப்ளெக்டரோ: 1968 மாடலிலிருந்து. 68, 69-இல் இரண்டில் ஒன்று போதும், 70-இலிருந்து இரண்டும் வேண்டும். இதுதான் தங்கம். தகரத்தில் துளை இருக்கிறது. ஷெவர்லே கமாரோ 67-ஆ 68-ஆ என்ற சண்டை இதோடு முடிந்தது: பக்க விளக்கு இல்லை, கதவில் முக்கோணக் குட்டி ஜன்னல் இருக்கிறது என்றால் 67. விளக்கு இருக்கிறது, குட்டி ஜன்னல் இல்லை என்றால் 68. டாட்ஜ் சார்ஜரிலும் அப்படியே: 68-க்கு வட்டமான குட்டி விளக்கு, 69-க்கு நீள்சதுர ரிஃப்ளெக்டர்.

தலைதாங்கி 1969 ஜனவரி 1 முதல் கட்டாயம். இருக்கையையே மாற்றிவிடலாம், ஆகவே பாதி மதிப்பெண்.

சாவித் துளை டேஷ்போர்டிலா ஸ்டீயரிங் தண்டிலா? தண்டுக்குப் போனது ஜெனரல் மோட்டார்ஸில் 1969, ஃபோர்டு, கிரைஸ்லரில் 1970. ஜன்னல் வழியே பார்க்கலாம்.

பம்பர். 1973-இல் முன் பம்பர் மணிக்கு 5 மைல் இடியைத் தாங்க வேண்டும் என்றார்கள், 74-இல் பின்னதற்கும் அதே. முன்னால் மட்டும் பலகை நீட்டியதுபோல் பம்பர், பின்னால் ஒட்டியபடி ஒல்லியாக என்றால் அநேகமாக 73.

எரிபொருள் முள்ளுக்கு அருகில் 'அன்லெடட் ஃப்யூயல் ஒன்லி' என்று எழுதியிருந்தால் 1975-க்குப் பிறகு. ஸ்பீடோமீட்டர் 85 மைலோடு நின்று, 55 மட்டும் தனியாகத் தெரிந்தால் எண்பதுகளின் தொடக்கம். பழசுதான், ஆனால் இந்த இழைக்குப் பழசு இல்லை.

பிப்ரவரி 9, பிற்பகல்

ஒருவர் கேட்டார்: 1970 ஃபோர்டு மாவெரிக், ஆனால் சாவித் துளை டேஷ்போர்டில். விதி பொய்த்ததா என்று. பொய்க்கவில்லை. அந்த வண்டி 1969 ஏப்ரலிலேயே 1970 மாடல் என்று விற்பனைக்கு வந்தது. இலையுதிர் காலத்துக்கு முன் கட்டியவற்றில் சாவி டேஷ்போர்டில்தான். மஸ்டாங் வெளியான அதே ஏப்ரல் 17. ஃபோர்டுக்கு அந்தத் தேதியில் என்ன பிரியமோ, நமக்கு இரண்டு மாடலிலும் அரை ஆண்டுத் தலைவலி.

பிப்ரவரி 10

வின் நம்பர். 1968-இலிருந்து முன் கண்ணாடி வழியாகவே தெரியும், டேஷ்போர்டின் மேல் ஓட்டுநர் பக்க மூலையில்.

பிப்ரவரி 10, ஐந்து நிமிஷம் கழித்து

திருத்தம். 1968 ஃபோர்டுகளில் அந்தத் தகடு பயணி பக்கம். 69-இல் இடம் மாறியது. 68 மஸ்டாங்கின் ஓட்டுநர் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு 'நம்பரைப் பிடுங்கிவிட்டார்கள், திருட்டு வண்டி' என்று பீதி கிளப்புகிறவர்கள் உண்டு. மறுபக்கம் போய்ப் பாருங்கள்.

உங்கள் தெரு வண்டிக்கு இந்த வசதி இல்லை. 65, 66-இல் எண் இரண்டு இடத்தில்: ஓட்டுநர் கதவின் பின் விளிம்பில் ரிவெட் அடித்த தகடு, பானெட்டுக்குள் இடப்பக்க உள் மட்கார்டில் நேரடியாக அடித்த முத்திரை. தகடு கதவோடு போகும், கதவை மாற்றலாம். முத்திரை தகரத்திலேயே இருக்கிறது. அதுதான் கடைசி வார்த்தை.

பிப்ரவரி 12

கருப்பு நம்பர் பிளேட்டை யாரும் கேட்கவில்லை, ஆனாலும் எல்லாரும் அதைத்தான் நம்புகிறார்கள். கலிஃபோர்னியாவில் கருப்பில் மஞ்சள் 1963-இல் தொடங்கியது, மூன்று எழுத்து மூன்று எண். 1969 வாக்கில் நீலத்தில் மஞ்சள், வரிசையும் திரும்பி முதலில் மூன்று எண், பிறகு மூன்று எழுத்து. கருப்பில் முதலில் மூன்று எழுத்து, பிறகு மூன்று எண் என்றால் அநேகமாக அந்தக் காலத்துப் பிளேட், நீலம் என்றால் வண்டி எழுபதுகளில் இங்கே முதலில் பதிவானது அல்லது பிளேட் மாற்றியது.

ஆனால் 2015-இலிருந்து கலிஃபோர்னியா அதே கருப்பு வடிவத்தை மறுபடி விற்கிறது, பணம் கட்டினால் டெஸ்லாவுக்கும் கிடைக்கும். வண்டி கட்டிய ஆண்டின் பழைய பிளேட்டைத் தேடி வாங்கிப் பதிந்துகொள்ளவும் சட்டத்தில் இடமுண்டு. ஆகப் பிளேட் அசலாக இருந்தாலும் வண்டியோடு பிறந்தது என்று பொருளில்லை.

பிப்ரவரி 13

பிரியஸ் வைத்திருப்பவர் ஒருவர் பொருமுகிறார்: எனக்குக் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை (புகையைச் சுத்தப்படுத்தும் கருவி) அறுத்துக்கொண்டு போனார்கள், பக்கத்தில் நின்ற 68 டாட்ஜ் டார்ட்டைத் தொடவே இல்லை. ஐயா, டார்ட்டில் அறுக்க ஒன்றும் இல்லை. கன்வெர்ட்டர் வந்ததே 75-இல்தான்.

பிப்ரவரி 16

'இவை எல்லாம் ஓடாத வண்டிகள்தானே, யாரோ விட்டுவிட்டுப் போனவை' என்ற கருத்துக்கு.

நேர்மாறு. வீட்டுக் கொட்டகையில் நிற்பதுதான் ஓடாது. தெருவில் நிற்பது ஓடியே ஆக வேண்டும். குறித்த நாளில் தெருவைக் கூட்டும் துடைப்ப லாரி வரும், நகர்த்தாவிட்டால் அபராதம். அதுபோக, 72 மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் நின்றால் இழுத்துக்கொண்டு போக நகராட்சிகளுக்கு மாநிலச் சட்டம் அனுமதி தருகிறது. அறுபது வயது கார்புரேட்டருக்கு வாரம் ஒரு முறை பெட்ரோல் ஓடுவதைவிட நல்ல மருந்து இல்லை.

இன்னொரு காரணம், 1975 வரையிலான பெட்ரோல் வண்டிகளுக்கு இங்கே புகைச் சோதனை கிடையாது. 76-க்கு உண்டு. அதனால்தான் 74 டார்ட்கள் தெருவில் நிற்கின்றன, 77 கிரைஸ்லர் கார்டோபாக்களைக் காணோம்.

நிற்கும் வண்டி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க மூன்று இடம். நம்பர் பிளேட்டின் மேல் வலது மூலை ஸ்டிக்கர்: ஆண்டு காலாவதியா? டயரின் பக்கச் சுவரில் டாட் (DOT) எழுத்துகளின் வால்: நான்கு எண், முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. 3515 என்றால் 2015-இன் 35-ஆம் வாரம். மூன்றே எண் என்றால் 2000-க்கு முந்திய டயர், அந்த வண்டியை யாரும் ஹைவேயில் ஓட்டவில்லை என்று நம்புவோம். முழு எண் ஒரு பக்கச் சுவரில்தான் இருக்கும், உள்பக்கம் திரும்பியிருந்தால் கிடைக்காது. மூன்றாவது, வண்டிக்கு அடியில் தரை. கருப்புச் சொட்டு இன்ஜின் ஆயில், சிவப்பு கியர்பாக்ஸ் ஆயில், பச்சை ரேடியேட்டர். பின்பக்கம் மட்டும் இருபுறமும் கருப்புச் சொட்டு, முன்னால் கிரிலே இல்லை என்றால் அது ஷெவர்லே கார்வேர். இன்ஜின் பின்னால், காற்றில் குளிரும் ஆறு சிலிண்டர், புஷ்ராட் குழாய்களின் ரப்பர் வளையம் சூட்டில் காய்ந்து கசியும். சொட்டே இல்லாத கார்வேரில் ஆயில் இல்லை.

பிப்ரவரி 19

டாட்ஜ் டார்ட், பிளிமத் வேலியன்ட் (இரண்டும் கிரைஸ்லர் வண்டிகள்) பற்றி நிறையக் கேட்டிருக்கிறீர்கள். இந்தத் தெருக்களின் உண்மையான ராஜா அவைதான், மஸ்டாங் இல்லை.

கண்ணை மூடிக்கொண்டே அடையாளம் காணலாம். 1962 முதல் கிரைஸ்லரின் ஸ்டார்ட்டருக்குள்ளேயே ஒரு கியர் உண்டு; சுற்றும்போது ரீங்காரமாக ஏறி இறங்கும் தனிச் சத்தம். காலை ஆறு மணிக்குத் தெருவில் அது கேட்டால் ஜன்னலைத் திறக்க வேண்டாம், மோப்பார்தான் (கிரைஸ்லர் குடும்ப வண்டிகளின் செல்லப்பெயர்).

இன்ஜின் 30 டிகிரி சாய்ந்து படுத்த ஆறு சிலிண்டர். அதிலிருந்து பானெட் உயரம் குறைந்தது, மேனிஃபோல்டுக்கு (சிலிண்டர்களுக்குக் காற்று போகும் குழாய்கள்) நீளம் கிடைத்தது. 170, 198, 225 கன அங்குலம். அழியாதது, ஆனால் வால்வு இடைவெளியைக் கையால் சரிபார்க்க வேண்டிய இன்ஜின். யாரும் செய்வதில்லை. தையல் மிஷின் சத்தம் வந்தால் அது நோய் இல்லை. சத்தமே இல்லாமல் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும், வால்வு இறுகிக் கருகிக்கொண்டிருக்கும்.

64 வரை ஆட்டோமேட்டிக் என்றால் டேஷ்போர்டின் இடது ஓரத்தில் பொத்தான்கள். பி-க்குப் (பார்க், நிறுத்தும் நிலை) பொத்தான் இல்லை, பக்கத்தில் தனி நெம்புகோல். 65-இலிருந்து சாதாரணக் கியர் தண்டு.

பத்து நாள் நின்றால் கிளப்பியதும் டி-யில் (ஓட்டும் நிலை) போட்டாலும் அசையாது. பயந்து கியர்பாக்ஸைக் கழற்றியவர்கள் இருக்கிறார்கள். டார்க் கன்வெர்ட்டரிலிருந்து (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஆயிலால் இணைக்கும் பகுதி) ஆயில் கீழே வடிந்துவிட்டது, அவ்வளவுதான். இந்த டார்க்ஃப்ளைட் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் பி-யில் கன்வெர்ட்டர் நிரம்பாது, என்-னில் (நியூட்ரல்) போட்டு அரை நிமிஷம் விடுங்கள். ஆயில் அளவையும் என்-னில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 19, பின்குறிப்பு

தெருவில் டார்ட்காரருக்கு ஸ்டெப்னி மாற்ற உதவப் போகிறவர்கள் கவனிக்கவும். 1970 வரை கிரைஸ்லர் வண்டிகளில் இடப்பக்கச் சக்கர நட்டு இடம்புரி. வலதுபக்கம் வழக்கம்போல். இடப்பக்கத்தில் வழக்கமாகக் கழற்றும் திசையில் குழாய் போட்டு அழுத்தினால் இறுகும், இன்னும் அழுத்தினால் ஸ்டட் முறியும். ஸ்டட் நுனியில் 'எல்' எழுத்து இருக்கிறதா பாருங்கள். முன்பே யாராவது முறித்து, சாதாரண ஸ்டட் போட்டிருக்கவும் கூடும், ஐந்தில் ஒன்று மட்டும் வேறு திசை. சிரிக்காதீர்கள், நடக்கும்.

பிப்ரவரி 23 – கேள்வி கேட்டவர்

துடைப்ப லாரி நாள். அவர் சாவி போட்டபோது எட்டிப் பார்த்தேன். சிவப்பு விளக்கில் ஜென் என்றுதான் இருந்தது. ஆனால் கிரிலில் பட்டை இல்லை, கோடு கோடாக இருக்கிறது. மீட்டர் நீளம். பானெட் மூலை சீவியிருக்கிறது என்றுதான் நினைக்கிறேன், இன்னொரு மஸ்டாங்கைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால்தான் உறுதி. பேட்ஜ் 289. இப்போது என்ன?

பிப்ரவரி 23, இரவு

கிரில் 66, மற்றதெல்லாம் 64½. யாரோ முன்பக்கம் முட்டிக்கொண்டு, கைக்குக் கிடைத்த கிரிலைப் போட்டிருக்கிறார்கள். உங்கள் நண்பர் முகத்தைப் பார்த்து 66 என்றார், அவர்மேல் தப்பில்லை.

எனக்கு உறுத்துவது பேட்ஜ். சக்கரத்தில் எத்தனை நட்டு?

பிப்ரவரி 24 – கேள்வி கேட்டவர்

முழு வீல் கப் போட்டிருக்கிறது. நடைபாதைப் பக்கம் பின்சக்கரத்தில் மட்டும் கப் விழுந்துவிட்டது. நான்கு நட்டு. ஏன்?

பிப்ரவரி 24

வி-8 மஸ்டாங்குக்கு ஐந்து நட்டு. ஆறு சிலிண்டருக்கு நான்கு. தொழிற்சாலையில் ஆறு சிலிண்டருக்கு மட்கார்டில் கன அளவு பேட்ஜே கிடையாது. ஆக, ஒன்று பேட்ஜ் பொய், அல்லது ஆறு சிலிண்டர் வண்டியில் பின்னாளில் 289 ஏற்றியிருக்கிறார்கள்.

பேட்ஜ் பொய்யாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்வேன். ஆறு சிலிண்டருக்கு முன் பிரேக் டிரம் 9 அங்குலம், வி-8-க்கு 10. ஸ்டீயரிங் மூட்டுகளும் சன்னம். இன்ஜினை மட்டும் மாற்றி நான்கு நட்டோடு விட்டால், ஓடுவதற்கு வி-8, நிற்பதற்கு ஃபால்கன். அதோடு அந்த ஆண்டுகளில் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றை அறை. ஒரு சக்கரத்தில் ஹோஸ் வெடித்தால் நாலுக்கும் பிரேக் போச்சு. இரட்டை அறை 1967-இல்தான் எல்லாருக்கும் வந்தது. சான்ஃபிரான்சிஸ்கோவில் 3 சதவீதத்துக்கு மேல் சரிவில் நிறுத்தினால் சக்கரத்தைத் திருப்பி நடைபாதை விளிம்பில் முட்டக் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறதே, இந்த வண்டிகளுக்கு அது விதி இல்லை, உயிர்.

மார்ச் 1

சென்னையில் ஒரு காலத்தில் ஓடிய டாட்ஜ் கிங்ஸ்வே பற்றிக் கேட்டவருக்கு. அமெரிக்கத் தெருவில் அதைத் தேட வேண்டாம், ஏற்றுமதிக்கென்றே வைத்த பெயர் அது. உடம்பு பிளிமத், முகம் மட்டும் டாட்ஜ். பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் டாட்ஜ், டிசோட்டோ, பிளிமத் மூன்றையும் பூட்டிக் கொடுத்தது. பேட்ஜ் வேறு, வண்டி வேறு என்ற கதையில் தொழிற்சாலையே நமக்கு முன்னோடி.

மார்ச் 3

துரு. கேட்காமலே எழுதுகிறேன், ஏனென்றால் 'கலிஃபோர்னியா வண்டி, துருவே இருக்காது' என்று யாரோ எழுதியிருக்கிறார்கள்.

சாலையில் உப்புப் போடாத ஊர் என்பது சரி. அதனால் அடியிலிருந்து அரிப்பதில்லை, மேலிருந்து அரிக்கும். மஸ்டாங்கில் முன் கண்ணாடிக்குக் கீழே காற்று போகும் ஜல்லடை இருக்கிறதல்லவா, அதன் அடியில் தண்ணீர் போகும் தொட்டி. மரத்தடியில் நிறுத்தினால் இலை விழுந்து மக்கும், ஈரம் தங்கும், தொட்டியின் கழுத்து அரிக்கும். மழை பெய்தால் உள்ளே காலில் சொட்டும். அதைப் பழுதுபார்க்க ஸ்பாட் வெல்டுகளைத் துளைத்து மேல்தகரம் முழுவதையும் எடுக்க வேண்டும். ஜல்லடைக்குள் இலை தெரிகிறதா, முன் கார்ப்பெட்டின் ஓரம் நிறம் மாறியிருக்கிறதா பாருங்கள், இரண்டும் கண்ணாடிக்கு வெளியிலிருந்தே தெரியும். வினைல் கூரை போட்ட வண்டி என்றால் பின் கண்ணாடியின் கீழ் மூலைகள். வினைலுக்கு அடியில் கொப்புளம் தெரிந்தால் உள்ளே தகரம் அப்பளம்.

பட்டி போட்டதைக் கண்டுபிடிக்கத் தொட வேண்டாம், காந்தமும் வேண்டாம். குனிந்து வண்டியின் நீளத்துக்குக் கண்ணை ஓட்டுங்கள். தெருவிளக்குக் கம்பத்தின் நிழல் பக்கத் தகரத்தில் நேராக ஓடி, பின்சக்கர வளைவுக்கு வந்ததும் நெளிந்தால் அங்கே பட்டி.

மார்ச் 9 – கேள்வி கேட்டவர்

கூச்சத்தை விட்டுக் கேட்டேன். அவரே ஆசையாகக் கதவைத் திறந்தார். தகட்டில் 5 எஃப் 07 யூ என்று தொடங்குகிறது. கீழே 65ஏ, தேதி இருக்கும் இடத்தில் 10எஃப். பானெட்டுக்குள் முத்திரையும் அதே எண். இன்ஜின் நீளமாக ஒரே வரிசை, நீல நிறம்.

மார்ச் 9, இரவு

5 என்றால் 1965 மாடல். எஃப், மிச்சிகனில் டியர்பார்ன் ஆலை. 07, ஹார்ட்டாப். யூ என்றால் 170 கன அங்குல ஆறு சிலிண்டர். மஸ்டாங்கில் அது 64½-இல் மட்டும்தான், ஆகஸ்டுக்குப் பிறகு 200 வந்துவிட்டது. 10எஃப், ஜூன் 10. முதல் எஃப் ஊர், இந்த எஃப் மாதம், குழப்பிக்கொள்ள வேண்டாம். முத்திரையும் ஒத்துப்போகிறது, ஆகக் கதவும் அதன் சொந்தக் கதவு.

காகிதத்தில் 65 என்றாலும், கட்டிய ஆண்டை 1964 என்று சொன்ன சொந்தக்காரர் சரி. கிரிலை 66-காரருக்குக் கொடுத்துவிடலாம். பொய் என்றாலும் 289 பேட்ஜைக் கழற்றச் சொல்ல வேண்டாம், மட்கார்டில் ஆணித் துளை தெரியும், பிறகு அதை வெல்டு வைத்து அடைக்க வேண்டும்.

அந்தப் பின்சக்கர வீல் கப்புக்கு 13 அங்குலமா 14-ஆ என்று டயரில் பார்த்துச் சொல்லுங்கள். 170-க்கு 13 கொடுத்தார்கள், அந்த அளவு கப் கிடைப்பது கஷ்டம்.